சாவி யார் கையிலிருந்து வந்தது

பணி ஓய்வு நாளில் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு ஒரு சால்வை போர்த்தி, கேக் வெட்டி, நாலு வார்த்தை நல்லதாகப் பேசி முடித்த பிறகு, என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று காலையில்தான் பிள்ளைகளுக்கு லிங்க்டு லிஸ்ட், அதாவது ஒவ்வொரு பதிவும் அடுத்த பதிவைக் கை காட்டுகிற பட்டியல், பற்றிய செய்முறைத் தேர்வு. "லிஸ்ட்டுக்குள்ள லூப் இருக்கான்னு எப்படிப் பார்ப்பே?" என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் ஒரே மூச்சில், "ஒன்று மெதுவாகப் போகும், ஒன்று வேகமாகப் போகும், சந்தித்தால் லூப்" என்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள்.

"மேடம், இதெல்லாம் இன்டர்வியூவுக்கு மட்டும்தான? நெசத்துல யாராச்சும் போட்டுப் பாத்துருக்காகளா?" என்றாள் கவிதா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாத்துருக்கோம். ஒரு திராட்சைத் தோட்டத்துல" என்றேன். அவள் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தாள். கேக் தின்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் அன்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் கணிப்பொறி படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சின்னமனூர் போய் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றாறில் தட்டச்சுக்கு ஆள் வருவது குறைந்தது. அப்போது அதே தெருவில், உரக்கடை மாடியில், கோதண்டம் சார் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். மதுரையில் ஒரு மில்லின் கணிப்பொறிப் பிரிவில் வேலை பார்த்து வந்தவர். என் விரல் வேகத்தைப் பார்த்து வேலைக்கு எடுத்தார். முப்பது வயதைத் தாண்டியவள், அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சி மொழி படித்தேன். ஒரு வருஷத்தில் சமாளிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கோதண்டம் சாரின் முறை தனி. கீபோர்டைத் தொடவே மாட்டார். சிமெண்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, சாக்பீஸால் கட்டங்கள் போடுவார். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புக்குறி. சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காயும் கிராம்பும் இருக்கும். அவற்றைக் கட்டங்களின் மேல் வைத்து, அம்பு போகிற வழியில் ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவார். தரையில் சரியாக நடந்தால்தான் நான் தட்டச்சு செய்ய உட்காரலாம். அதிகம் பேச மாட்டார். ஒரு கட்டத்தை எடுக்க வேண்டி வந்தால் மட்டும், "மொதல்ல அடுத்த ஆளப் பிடி. அப்புறம் இவர விடு" என்பார். முன்னதாக விட்டுவிட்டால் பின்னால் இருக்கிறவர்கள் மொத்தப் பேரும் போய்விடுவார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, இன்றைக்கும் பஸ்ஸில் கம்பி மாற்றிப் பிடிக்கும்போது எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

அந்தச் சமயத்தில் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு நீரேற்றுப் பாசனச் சங்கத்திலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. பெயர் வேண்டாம். ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றி, குழாய் வழியாகத் தோட்டம் தோட்டமாக விடுவார்கள். நூற்றுக்குக் கொஞ்சம் குறைவான திராட்சைத் தோட்டங்கள். எல்லாத் தோட்டத்து வால்வையும் திருகுவதற்கு ஒரே ஒரு இரும்புச் சாவிதான் உண்டு. முழங்கை நீளம் இருக்கும். ஒருவர் பாய்ச்சி முடித்ததும் சாவியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் தண்ணீர். கடைசித் தோட்டக்காரர் கொண்டுவந்து பம்பு செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் தோட்டக்காரரிடம் கொடுத்தால் ஒரு சுற்று முடிந்தது.

அடுத்தவர் யார் என்பதில்தான் அடிதடி. பக்கத்துத் தோட்டம்தான் அடுத்தது என்று வைத்துக்கொள்ள முடியாது. அந்தப் பக்கம் வருஷம் முழுக்கத் திராட்சை உண்டு. ஒருவர் இன்றைக்குக் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுவார், இன்னொருவர் அறுப்புக்கு விட்டிருப்பார். கவாத்து வெட்டிய தோட்டத்தை முன்னால் கொண்டுவர வேண்டும், பழம் பழுத்த தோட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். வரிசை மாறிக்கொண்டே இருந்தது. யாரோ யாரையோ மண்வெட்டியால் அடித்து விவகாரம் போலீஸ் வரைக்கும் போன பிறகு, சங்கத் தலைவர் எங்களிடம் வந்தார். தினமும் காலையில் கம்ப்யூட்டர் அன்றைய வரிசையை ஒரு சீட்டாக அடிக்க வேண்டும், சீட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் சாவி, வேறு பேச்சே கிடையாது என்றார்.

கோதண்டம் சார் அன்றே தரையில் கட்டம் போட்டுவிட்டார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கட்டம். அதற்குள் சொந்தக்காரர் பெயர், அடுத்தவர் எண். அவ்வளவுதான். வரிசையாக எண் போட்டு அடுக்கினால் ஒருவரை நடுவில் சொருக எல்லோரையும் நகர்த்த வேண்டும். இதில் இரண்டு அம்பை மாற்றினால் போதும். லிங்க்டு லிஸ்ட் என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது புத்தகத்தில் இல்லை, அந்த இரும்புச் சாவியில்தான்.

ப்ரோகிராம் ஓடத் தொடங்கி மாதங்கள் ஆயின. சங்கத்து எழுத்தர் பாண்டி அதை நன்றாகவே பழகிக்கொண்டான். வரிசை மாறினால் திரையில் "இவருக்கு அடுத்து யார்?" என்று கேட்கும். எண்ணை அடிப்பான். காலையில் சீட்டு வரும்.

அந்தக் கோடையில் ராமையா என்ற தோட்டக்காரர் இறந்துபோனார். அவருடைய தம்பி போசுக்கும் அதே சங்கத்தில் தோட்டம் உண்டு. அண்ணன் கருமாதி முடிவதற்கு முன்பாகவே தம்பி மேல் தண்ணீர்த் திருட்டுப் பழி விழுந்தது. எங்களுக்கு போன் வந்தபோது பின்னால் பெரிய கூச்சல் கேட்டது.

நாங்கள் போய் இறங்கியபோது சங்க அலுவலக வாசலில் பள்ளத்தில் இருக்கும் கீழ்க்காட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். வீரணன் என்பவர் கையில் காய்ந்த கொத்து ஒன்று. பிஞ்சிலேயே சுருங்கி, மிளகு மாதிரி இருந்தது.

"பாருங்க சார், மேல்காட்டு ஆளுகளுக்கே திரும்பத் திரும்பச் சாவி போகுது. எங்களுக்கு ஒரு சொட்டு வரல. கேட்டா சீட்டுல இல்லங்குறாக. எந்தச் சீட்டப் பாத்தாலும் போசு பேரு வருது. அண்ணன் செத்த ஈரம் காயல, அதுக்குள்ள எழுத்தரக் கையில போட்டுக்கிட்டு இந்த வேல பாத்துருக்கான்!"

போசு வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார். துக்கம் காக்கிறவருக்கு உரிய மழிக்காத தாடி. ராமையாவின் மனைவி அங்கம்மாளுடைய அண்ணன் கூட்டத்தில் இருந்தார். அவர்தான் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணன் பேரச் சொல்லித் தண்ணியத் திருடுனவன் கருமாதிக்கு வர வேணாம். தங்கச்சி வாசப்படிய மிதிக்க வேணாம்" என்றார். போசு தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஊரில் சொந்த அண்ணன் கருமாதிக்குப் போகாதவனுக்கு அதற்குப் பிறகு எந்த வீட்டு வாசலும் கிடையாது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பாண்டியின் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, நான் ஒரு பைசா வாங்கல. மெஷின் என்ன அடிக்கிதோ அதத்தான் ஒட்டுறேன்" என்றான்.

வரிசை எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றத்தானே வேண்டும்? கடைசி ஆள் முதல் ஆளுக்குச் சாவி கொடுக்கிற ஏற்பாடு அது. வட்டமாக இருப்பது தப்பில்லை. வட்டம் முதல் தோட்டத்தில் வந்து மூடுகிறதா, நடுவில் எங்கேயாவது மூடிக்கொண்டதா என்பதுதான் கேள்வி. இன்றைய பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் லூப் என்றாலே நோய். எங்களுக்கு நல்ல லூப் ஒன்று, கெட்ட லூப் ஒன்று.

நான் யோசித்த வழி, போகிற வழியில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டே போவது. அடையாளம் போட்டவர் மறுபடி வந்தால் அங்கேதான் முடிச்சு. கோதண்டம் சார் தலையாட்டவில்லை. நாங்கள் எழுதியிருந்த ப்ரோகிராம் எல்லாத் தோட்டத்தையும் ஒன்றாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொருவரையும் டிஸ்க் வட்டிலிருந்து படித்துத்தான் நடக்க வேண்டும். அடையாளத்தையும் வட்டில்தான் எழுத வேண்டும். "கரண்டு நடுவுல போயிட்டா? பாதிப் பேர் முதுகுல சுண்ணாம்புக் கோடு நிக்கும். அத அழிக்கத் தனியா ஒரு நாள்" என்றார். அன்று காலையிலிருந்தே கரண்டு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

யாருக்கெல்லாம் இரண்டு பேர் சாவி கொடுப்பதாக இருக்கிறது என்று தேடினால் போதாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தேடினோம். நிறையப் பெயர் வந்தது. விற்றுப்போன தோட்டங்களின் பழைய பதிவுகளை யாரும் அழித்திருக்கவில்லை. அவையும் இன்னும் யாரையாவது கை காட்டிக்கொண்டே இருந்தன. ஆகவே முதல் தோட்டத்திலிருந்து சாவி போகிற வழியிலேயே நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சார் தரையில் உட்கார்ந்தார். கட்டங்கள் போட்டார். ஒரு வால், அதன் முனையில் ஒரு வட்டம். முதல் கட்டத்தில் ஏலக்காயையும் கிராம்பையும் சேர்த்து வைத்தார். ஏலக்காய் ஒரு கட்டம் நகர்ந்தால் கிராம்பு இரண்டு கட்டம். கிராம்பு முன்னால் ஓடி வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு கட்டத்தில் ஏலக்காயைப் பிடித்துவிட்டது. எதையும் எழுத வேண்டியதில்லை, படித்தால் மட்டும் போதும்.

"பிடிச்ச எடம் முடிச்சு இல்ல. இனிமேத்தான் இருக்கு" என்று சொல்லி, கிராம்பை அங்கேயே விட்டுவிட்டு ஏலக்காயை மட்டும் திரும்ப முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனார். இப்போது இரண்டும் ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகர்ந்தன. வால் முடிந்து வட்டம் தொடங்குகிற கட்டத்தில் இரண்டும் மறுபடி சந்தித்தன. நான் நம்பாமல் வாலை நீட்டிப் போட்டுப் பார்த்தேன், வட்டத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாக அதே கட்டத்தில் வந்து நின்றன. கெட்டிக்காரத்தனம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான் என்று தோன்றியது. கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று சார் இரண்டு வரியில் எழுதிக் காட்டினார். முதல் தோட்டத்திலேயே சந்தித்தால் வரிசை சுத்தம், வேறு இடத்தில் சந்தித்தால் அங்கேதான் கோளாறு.

தட்டச்சு செய்து ஓட்டினேன். வெளியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். வட்டு கரகரத்தது. திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது.

போசு.

"அப்புறம் என்னலே! கம்ப்யூட்டரே சொல்லிருச்சு!" என்று வீரணன் கத்தினார். கூட்டம் வாசலை நோக்கித் திரும்பியது. யாரோ போசின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டார்கள். நான் அடித்த ப்ரோகிராம், நான் கண்டுபிடித்துக் கொடுத்த பெயர்.

கோதண்டம் சார் தரையிலிருந்து எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"கைய எடுங்கடா! அது திருடன் பேரு இல்ல. ரெண்டு பக்கத்துலருந்து சாவி வந்து சேர்ற எடம். அவ்வளவுதான். இன்னும் வேல முடியல, பேசாம நில்லுங்க."

பிறகு என்னிடம், "செசீலி, வட்டத்துக்குள்ள போசுக்குக் கடைசியாச் சாவி குடுக்குறது யாரு, பாரு" என்றார்.

பார்த்தேன். வாலில் வந்து போசுக்குக் கொடுப்பவர் சவரிமுத்து. வட்டத்துக்குள் சுற்றி வந்து போசுக்குக் கொடுப்பவர் ஈசுவரன்.

"ஈசுவரனுக்கு அடுத்த ஆளு யாருப்பா?" என்று பாண்டியைக் கேட்டார்.

"ராமையாண்ணன் சார்."

"இதுல போசுன்னு இருக்கே. யாரு மாத்துனா?"

பாண்டி திருதிருவென்று விழித்தான். "நான்தான் சார். ராமையாண்ணன் எறந்துட்டாகல்ல? துக்க வீட்டுல கருமாதி வரைக்கும் சாவியத் தொட மாட்டாக. கூடப் பொறந்தவுகதான் வாங்கிப் பாய்ச்சணும். அதான், ஈசுவரண்ணனுக்கு அடுத்து யாருன்னு கேட்டுச்சு, போசண்ணன் நம்பர அடிச்சேன். சரித்தான சார்?"

அங்கே நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் அடித்திருப்பார்கள். அந்த ஊர் வழக்கத்தில் அது சரியான பதில். அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி. மெஷினுக்கு அது தெரியாது. அதற்குப் போசு என்றால் போசுடைய சொந்த முறை. போசுக்குப் பிறகு போசின் அடுத்தவர், பிறகு அவருக்கு அடுத்தவர், சுற்றி ஈசுவரன், மறுபடி போசு. ராமையாவும் அவருக்குப் பின்னால் இருந்த கீழ்க்காடு மொத்தமும் கழன்று விழுந்துவிட்டது. முதல் தோட்டத்திலிருந்து சவரிமுத்து வரைக்கும் இருந்தவர்கள் அந்தச் சுற்றில் பாய்ச்சி முடித்திருந்ததால், சாவி திரும்பி வராதது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. வட்டத்துக்குள் இருந்தவர்களுக்குச் சீக்கிரம் சீக்கிரமாகத் தண்ணீர் வந்தது. அவர்களில் ஒருவராவது சங்கத்துக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை. இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

ஆனால் வீரணன் விடவில்லை. "தப்பு மெஷின்லயே இருக்கட்டும். அத்தன தடவ வந்த தண்ணிய இவன் வாங்கிக்கிட்டான்ல?"

கோதண்டம் சார் போசைப் பார்த்தார். "சாவி யார் கையிலருந்து வாங்குனீக?"

"ஈசுவரண்ணன் கையிலருந்துதான்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா சார். ஈசுவரண்ணன் குடுத்தா அது எங்கண்ணன் முறை. அதனால அண்ணன் கொடிக்கே விட்டேன். என் முறைன்னா சவரிமுத்து கையிலருந்துல்ல வரணும்? அது வரவே இல்ல." என்றார். "கடைசியா சவரிமுத்து கொண்டாந்தப்ப அண்ணனத் தூக்குற நேரம். அடுத்த ஆளுக்குக் குடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்."

தலைவர் கேட்டார். "ஏன்ப்பா, இத்தன தடவ ராமையா முறை வருதேன்னு ஒனக்குத் தோணலையா?"

"துக்க வீடுன்னு எரக்கப்பட்டு சங்கத்துல கூடக் குடுக்குறாகன்னு நெனச்சேன்."

"ஒன் முறை வரலன்னாச்சும் வந்து கேட்டுருக்கலாம்ல?"

"அண்ணனப் பறிகுடுத்துட்டு, தண்ணிக்கு வந்து நிக்கவா தலைவரே?"

தலைவர் எழுந்து நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். முதலில் ராமையாவின் தோட்டம். பந்தல் முழுக்கப் பச்சை, காலடியில் மண் சொதசொதவென்று இருந்தது. அங்கிருந்து கொஞ்சம் மேட்டில் போசின் தோட்டம். பந்தலுக்குக் கீழே வெயில் பொத்தல் பொத்தலாக விழுந்தது. இலை விளிம்பு கருகிச் சுருண்டிருந்தது. தொங்கிய கொத்துகள் வீரணன் கையில் இருந்த கொத்தைவிட மோசம். அத்தனை நாளில் ஒருவரும் அந்தப் பந்தலுக்குள் தலையை நீட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் சீட்டைத்தான் பார்த்தார்கள். அங்கம்மாளின் அண்ணன் ஒரு கல்தூணைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு போசிடம் போய், "மாப்ளே, நாளன்னைக்கு கருமாதி. நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்" என்றார். வீரணன் கையில் இருந்த கொத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டார்.

ஈசுவரனின் அம்பை அன்றே ராமையாவுக்குத் திருப்பினோம். கீழ்க்காடு முழுவதும் வரிசைக்குள் திரும்ப வந்தது. ஆனால் சார் அதோடு விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தாளுக்குத் தெரிஞ்சது நம்ம ப்ரோகிராமுக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார். அடுத்தவர் யார் என்று மட்டும்தான் நாங்கள் எழுதி வைத்திருந்தோம். யாரிடமிருந்து வாங்க வேண்டும் என்பதை எழுதவில்லை. மறுநாள் ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொரு அம்பு போட்டோம், பின்பக்கம் பார்த்து. ஒருவர் கொடுக்கிற கையும் இன்னொருவர் வாங்குகிற கையும் பொருந்தாவிட்டால் சீட்டே வராது. பாடத்தில் அதற்கு டபுள் லிங்க்டு லிஸ்ட் என்று பெயர். துக்க வீட்டுக்காகப் பாய்ச்சுபவர் பெயரை எழுதத் தனி இடமும் வைத்தோம், வரிசையைத் தொடாமல்.

அதை ஏற்றிக் கொடுக்க நாங்கள் போன நாள் கருமாதிக்கு மறுநாள். ராமையா வீட்டின் முறை அன்றுதான் வந்தது. இனி அவர்கள் கையாலேயே சாவியை வாங்கலாம். சீட்டில் ராமையா பெயரை எடுத்துவிட்டு அங்கம்மாள் என்று நான்தான் அடித்தேன். பாண்டி அதைக் கொண்டுபோய் பம்பு செட்டில் ஒட்டினான்.

ஈசுவரன் சாவியைக் கொண்டுவந்தார். அங்கம்மாளே தோட்டத்துக்கு வந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. வால்வைத் திருகிக் கொடுப்பதற்காகப் போசும் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாள் சாவியை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு போசிடம் நீட்டினார்.

"ஒன் கொடிக்கு விடு தம்பி."

போசு கையை நீட்டவில்லை. "மதினி, இது அண்ணன் முறை."

"அண்ணன் முறையத்தான் நான் குடுக்குறேன். என் கையிலருந்து வாங்கு."

போசு சாவியை வாங்கினார். வாங்கிய கையோடு தோளைக் குலுக்கி அழுதார். அண்ணன் இறந்த அன்றுகூட அவர் அழவில்லை என்று பிறகு பாண்டி சொன்னான். அழுதபடியே மேட்டுக்கு ஏறிப்போனார். எங்களுக்கு எதிரே வால்வு திறந்து தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. அந்தப் பருவத்துக் காய் பிழைக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கொடி பிழைத்தது.

நான் கோதண்டம் சாரிடம் மெதுவாக, "சார், பதிவ மாத்தணுமா? சீட்டுல அங்கம்மாள்னு இருக்கு" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

நாங்கள் பஸ்ஸுக்குப் போகும்போது பம்பு செட்டைத் தாண்டித்தான் போனோம். பலகையில் பசை காயாத சீட்டு ஒட்டியிருந்தது. அங்கம்மாள் என்று பெயர் தெளிவாக விழுந்திருந்தது. மேட்டில் போசின் தோட்டத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.